காலமான உன் அப்பா நலமாக இருக்கிறார்

நூம்பல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது.

முதலில் நடந்த அநியாயத்தை எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். உன் அப்பா குடித்துக் குடித்துச் செத்துவிட்டார் என்றும், உன்னைப் பெற்ற நான் எழுதப் படிக்கத் தெரியாத கைநாட்டு என்றும், வயல் கூலிக்குப் போய் உன்னை வளர்த்தேன் என்றும் எழுதி, அடியில் உன் பெயரைப் போட்டு, வெளிநாட்டில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவன் வானகரத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி விக்ரம். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் என் கூடப்பிறந்த தம்பி, உன் மாமன் பாண்டியன். கெட்டது உன் பெயர். இதை நான் விடுவதாக இல்லை.

இனி நலம். இங்கே காலமான உன் அப்பா உட்பட இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். இதை எழுதும்போது அவர் எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு, தோலை என் பேப்பர் பக்கம் ஊதிக்கொண்டிருக்கிறார். காலையில் அம்பத்தூர் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்டாஃப் பஸ் ஓட்டப் போகிறார், சாயங்காலம் வருகிறார், பிரஷர் மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். செத்தவர் செய்யக்கூடிய காரியமா இதெல்லாம். நீ புனேவில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்து என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். கார்ப்பரேஷன்காரர்களையே அப்படித்தான் படிக்க வைத்திருக்கிறேன், நீ எம்மாத்திரம்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு காலேஜில் படித்த நிஷா வந்திருந்தாள், வானகரம் அடுக்குமாடியிலிருந்து. பாவம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அங்கிள் செத்துட்டதா எழுதிட்டாங்களே, அந்தப் பிரச்சினை என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள். அங்கிள் அவளுக்கு எதிரில் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார். "எந்த அங்கிள்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் நான் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். நீ எழுதிக் கொடுத்ததைத் திருத்தி அனுப்புகிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களே ஒரு கதையை எழுதியது, வேலை நெருக்கடியில் நீ மாமனை நம்பி விட்டுவிட்டது, நீ யாரிடம் படிக்க ஆசைப்பட்டாயோ அந்தக் கனடா பேராசிரியர் உனக்கு எழுதிய மெயிலில் முதல் வரியே உன் தகப்பனார் மறைவுக்கு என் வருத்தங்கள் என்று இருந்தது, அதைப் படித்துவிட்டு நீ ஆபீசில் பாதி வேலையில் எழுந்துபோனது, எல்லாம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நீ போன் போட்டு, அப்பா எங்கே, அப்பாவிடம் கொடு, சும்மா குரலைக் கேட்கணும் என்றாயே, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அது தெரியாமல் இந்த மனுஷன் மறுநாள் பஸ் முழுக்க, "எம்பொண்ணு புனாலேர்ந்து போன் போட்டு என் கொரலெ மட்டும் கேட்டுச்சுப்பா, வேற ஒண்ணும் கேக்கலே" என்று பெருமை அடித்திருக்கிறார். நிஷா சொன்னதைக் கேட்டதும் இட்லியைப் பிட்ட கையைத் தட்டிலேயே வைத்தார். அப்புறம், "இருந்தாலும் கேட்டுச்சு இல்ல?" என்றார்.

நீ நான்கு இடத்துக்கும் எழுதிய மெயிலை நிஷா போனில் வைத்திருந்தாள். தமிழில் சொல்லச் சொன்னேன். அனுப்பிய கட்டுரை என்னுடையது இல்லை. என் அப்பா உயிரோடு இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார், குடிப்பதில்லை. என் அம்மா தானாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர், எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவர். நான் எழுதிய கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன், இதை வைத்து என்னை மறுபடி எடை போடுங்கள். உண்மையிலேயே அப்பாவை இழந்த ஒருத்திக்குக் கிடைக்க வேண்டிய இடம் எனக்கு வேண்டாம். அந்தக் கடைசி வரியை மறுபடி படி என்றேன். படித்தாள். இன்னொரு தடவை என்றேன். கண்ணு, நான் யாரையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். நீ பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோதுகூட, கணக்கில் ஏன் அந்தக் கொஞ்சம் போயிற்று என்றுதான் கேட்டேன். ஆனால் அந்த வரியைக் கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். இப்படி ஒரு வரியை நான் எழுதிய எந்த மனுவிலும் எழுதியதில்லை.

கைநாட்டு என்று எழுதியதற்கு வருகிறேன். அதை நான் மறக்கமாட்டேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் கம்பெனியில் சேர்ந்த புதிதில், சம்பள நாளில் கணக்கர் மணவாளன் என் பெருவிரலைப் பிடித்து ஊதா மையில் அமுக்கி, காகிதத்தில் ஒரு உருட்டு உருட்டுவார், மாவு உருட்டுகிற மாதிரி. அந்த விரலை அவர் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை. அப்போது தேர்தல் நேரம். வேலப்பன்சாவடியிலிருந்து வானகரம் வரைக்கும் சுவரெல்லாம் ஆள் உயர எழுத்து. பஸ்ஸில் போகும்போது ஒரு எழுத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் அது என்ன என்று கேட்பேன், சிரித்தால் மறுபடி கேட்பேன். சுவருக்கு வெள்ளை அடிப்பதற்குள் என் பெயரில் உள்ள எழுத்தெல்லாம் வந்துவிட்டது. இன்றைக்கு இந்தத் தெருவில் விளக்கு எரிவதும், தண்ணீர் லாரி மூலைவரைக்கும் வந்து நிற்பதும், பொன்னியம்மா அக்காவுக்கு முதியோர் பணம் வருவதும் என் கையெழுத்தில்தான். அப்படிப்பட்ட என்னை ஒரு வரியில் விரல் ஆக்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பாவை லீவு போடச் சொல்லி அழைத்துக்கொண்டு வானகரம் போனேன். மொபைல் கடைக்கு மேலே மாடி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் தொப்பி போட்ட பிள்ளைகள் சிரிக்கிற படம். விக்ரம் நல்ல பையன் மாதிரிதான் இருக்கிறான், எழுந்து நின்று, வாங்க சார், யாருக்காக வந்திருக்கீங்க என்றான். உன் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "நாந்தாம்பா நடேசன். நீ சாவடிச்சியே, அந்த நடேசன்" என்றார். அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க சார், இது ஒரு டெம்ப்ளேட்டு, நல்லா வொர்க் அவுட் ஆவும், அப்பா இல்லேன்னா ஸ்காலர்ஷிப்புக்கு சான்ஸ் ஜாஸ்தி" என்றான். நான் கேட்டேன், "இந்த வருஷம் மட்டும் எத்தினி அப்பாவெ சாவடிச்சே நைனா?" அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் விடவில்லை, "மேடம், உங்க பொண்ணு பம்பு பத்தி எழுதி குடுத்தாங்க. பம்பு பத்தி எவன் மேடம் படிப்பான்? படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்றான். தண்ணி வரணும்னா டிசம்பர் மாசம் எங்க தெருவுக்கு வா, இடுப்பு வரிக்கும் வரும் என்றேன். கடைசியில் அவன் கேட்டது என்ன தெரியுமா, உன் மெயிலால் மற்றப் பிள்ளைகளின் கட்டுரையையும் சந்தேகப்படுவார்கள், நீ உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டதாக ஒரு வரி எழுதித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் கவலைதான். ஆனால் அவர்கள் தலையில் பொய்யை வைத்தது நீ இல்லை.

மாமன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். குதித்தான். "அக்கா, அமெரிக்கால பேரு கீற காலேஜு, ஸ்காலர்ஷிப்போட கைல வந்து வுளுந்துச்சு, அத்த தூக்கி காவாய்ல போட்டுட்டு உக்காந்துகினு கீது உம்பொண்ணு" என்றான். அந்தப் பெரிய பல்கலைக்கழகம் உன் மெயிலைப் பார்த்ததும் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதை நீ எங்களிடம் சொல்லவில்லை, அவன்தான் சொன்னான். விக்ரம் பொய் எழுதியது தெரியுமா உனக்கு என்று கேட்டேன். அனுப்புவதற்கு முன்னாலேயே அவன் படித்துக் காட்டினானாம். "அதுல இன்னாக்கா தப்பு? காக்கா தலைல தட்டிச்சுனா, சொந்தக்காரங்களுக்கு பொய்யா சாவு சேதி சொல்லி அனுப்ப மாட்டோம்? அது மாரி நெனச்சிக்கோ. மாமாவுக்கு ஆயுசு தான் கூடும்" என்றான். சொன்னதோடு நிற்காமல் உன் அப்பாவைப் பார்த்து, "இன்னா மாமா, நான் சொல்றது?" என்று வேறு கேட்டான். அவர், "கூடட்டும் மச்சான், ஆனா குடிச்சி செத்தேன்னு எதுக்கு எழுத வுட்டே? நெஞ்சு வலின்னு எழுதக் கூடாதா? ஒரு கிளாஸ் தொட்டது இல்லியே நானு" என்றார். மாமன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. காக்கை தட்டினால் சொல்லுகிற பொய் என்ன பொய்? சேதி போன வீட்டில் அழுது முடிப்பதற்குள், இல்லை இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார் என்று அடுத்த சேதி போய்விடும். அந்தச் சாவைக் காட்டி ஒருவரும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இவன் சாவுச் சேதியை அனுப்பிவிட்டு, இடம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது சேதியை அனுப்பியது நீ.

அவன் உனக்காக அலைந்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றது, காலேஜில் மார்க் சான்றிதழுக்கு நாயாக அலைந்தது, எல்லாம் அவன்தான். அவனுக்கு உன் மேல் உயிர். அதற்காக என் புருஷன் உயிரை எடுத்துக்கொள்ளக் கூடாது.

உன் நிஜக் கதையில் என்ன குறை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ காலேஜில் இருந்தபோது அந்த மழையில் தெருவில் தண்ணீர் நின்றதே, டீசல் பம்பு கொண்டுவந்து வைத்தார்களே, அது கொஞ்சம் இழுப்பதும் அடைத்துக்கொண்டு நிற்பதுமாக இருந்ததே. நாங்களெல்லாம் பம்புக்காரரைத் திட்டிக்கொண்டு மாடியில் நின்றோம், நீ மட்டும் கீழே இறங்கிப்போய், வயிற்றுக்குள் கைவிட்டு இழுக்கிற மாதிரி அவர் அந்தப் பம்புக்குள்ளிருந்து பாலிதீன் பையும் துணியும் முடியுமாக இழுத்துப் போட்டதை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய். சேற்றுப்புண் வந்து கால் வெந்துபோய்க் கிடந்தாய். அதற்கு அடுத்த வருஷம் முழுக்க நம் குளியலறை டிரம்மில் உன் பம்பு ஓடிற்று. அடைத்துக்கொள்ளாத மாதிரி உள்ளே சுற்றுகிற சக்கரத்தை மாற்றி மாற்றிச் செய்து, அதற்குள் போடக் கந்தல் வேண்டும் என்று என்னுடைய பச்சைச் சுங்குடிச் சேலையைக் கிழித்தாய். அது கந்தல் இல்லை, பொங்கலுக்கு எடுத்தது. அதற்கு நான் போட்ட சண்டையும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் கடைசியில் அந்தச் சேலைத் துண்டு ஒரு பக்கம் போய் மறுபக்கம் அடைக்காமல் வெளியே வந்து விழுந்தபோது நீ போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். இதைப் படித்து ஒருவன் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், அவனிடம் போய் நீ என்ன படிக்கப் போகிறாய்?

இடம் தேர்ந்தெடுத்த விதத்தையும் நிஷா சொன்னாள். மற்றவர்கள் எல்லாம் எது பெரிய பெயர், எது எத்தனையாவது என்று வரிசை பார்த்துக்கொண்டிருக்க, நீ அந்தக் கனடா பேராசிரியர் எழுதியதையெல்லாம் வாங்கிப் படித்தாயாம். கழிவுநீர்ப் பம்பு அடைப்பதை மட்டுமே பார்க்கிறதற்கு அவரிடம் ஒரு பெரிய தொட்டி இருக்கிறதாம், அதில் துணி நாரெல்லாம் போட்டு ஓட்டிப் பார்ப்பார்களாம். அதோடு விடாமல் அவரிடம் படிக்கிற பிள்ளைகளுக்கே எழுதி, மனுஷன் எப்படி, கேட்டால் நேரம் கொடுப்பாரா, பிள்ளைகள் செய்ததில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்வாரா என்று கேட்டாயாம். பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பதைவிட நன்றாக விசாரித்திருக்கிறாய். இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நீயாகக் கேட்டாய். அதில் மட்டும் என் மகள் என்று சொல்லிக்கொள்கிறேன், மற்றதெல்லாம் உன்னுடையது.

இப்போது மிச்சம் இருப்பது அந்த ஒரு இடம்தான் என்பதும் தெரியும். அமெரிக்கா போயிற்று, இன்னொன்று அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டது, இன்னொன்று வாயே திறக்கவில்லை. கனடாக்காரர் மட்டும் உன் மெயிலைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசலாம், அதன் பிறகுதான் முடிவு என்று சொல்லியிருக்கிறார். அவர் உன்னை நம்புவாரா, ஒரு தடவை பொய் வந்த வீடு என்று ஒதுக்குவாரா, தெரியாது. எனக்கும் பயம்தான். அதை நீ வீட்டுக்குச் சொல்லாமல் தனியாகச் சுமந்துகொண்டு இருந்தாயே, அதுதான் உன் மேல் எனக்கு உள்ள வருத்தம். அப்பா மனசு நோகும் என்று மறைத்தாயாம். செத்ததையே தாங்கிக்கொண்டவர், இதைத் தாங்கமாட்டாரா?

வீட்டுச் செய்தி வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. மெட்ரோ வேலைக்குத் தோண்டித் தோண்டிப் பூந்தமல்லி ரோட்டில் அப்பா பஸ் ஊர்கிறது. பொன்னியம்மா அக்கா உன்னை விசாரித்தாள், செத்தவர் பிழைத்த கதையை ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வயிற்றைக் காயப்போடாதே, பசியோடு பேசினால் உனக்குக் கோபம் வரும், அது என்னிடமிருந்து வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். நீ எங்கே இருந்தாலும் உன் கையும் புத்தியும் உன்னைக் காப்பாற்றும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும்.

இனி ஆக வேண்டியதையும் செய்ய வேண்டியவர்களையும் எழுதுகிறேன்.

விக்ரம், அந்தக் கட்டுரையை உன்னைக் கேட்காமல் தானே எழுதியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, உன்னிடம் ஒன்றும் நான்கு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொன்றும் அனுப்ப வேண்டும். புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லாவிட்டால் வியாழன் காலை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவேன், உள்ளே போகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று விசாரிப்பேன்.

பாண்டியன், உன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு, மாமா தப்பு என்னுது என்று சிரிக்காமல் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு நான் போகமாட்டேன், அழைப்புப் பத்திரிகையில் என் பெயரும் வரக் கூடாது.

நிஷா, வியாழக்கிழமை சாயங்காலம் உன்னைப் போனில் கேள்வி கேட்டுப் பழக்க வேண்டும். சரி என்றுவிட்டாள்.

அப்பா, வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றிக்கொண்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பேராசிரியர் பார்க்க ஆசைப்பட்டால் காட்டலாம். அவருக்குச் செய்ய வேண்டியது வேறு ஒன்றும் இல்லை, உயிரோடு இருப்பதைத் தவிர. அதைச் செய்கிறேன் என்கிறார்.

நீ, இடம் கிடைத்தால் போக வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் உன் கையால் எழுதி மறுபடி கேட்க வேண்டும். எழுதியதைத் திரும்ப வாங்கக் கூடாது.

நான், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கீழே போட்டிருக்கிறேன், முழுப் பெயராக. கணவர் பெயருக்கு முன்னால் லேட் என்று இல்லை, பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானம்மாள்,
க/பெ நடேசன்,
நூம்பல்.